சொல் கேளாத நாயும் சொல்லத் தெரியாத வீடும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: நாய் சொன்னபடி கேட்பதில்லை, வீட்டாரை மதிப்பதில்லை. ஆகவே இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரை நீக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பதினான்கு மாதமான கம்பத்து நாய் (நாட்டு நாய்) ஒன்று இருக்கிறது. குட்டியாக இருந்தபோது கூப்பிட்டதும் ஓடிவந்தது. இப்போது "வா" என்றால் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் ஓடுகிறது. நடைக்குக் கூட்டிச் சென்றால் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. "அடியாத மாடு படியாது" என்று என் கணவர் நாளிதழைச் சுருட்டி அடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, நாய் ஓநாய்க் கூட்டத்தின் வழி வந்தது, நாம்தான் தலைவர் என்று அதற்குக் காட்ட வேண்டும், அதற்கு முன் நாம் சாப்பிட வேண்டும், வாசலை நாம் முதலில் கடக்க வேண்டும், எதிர்த்தால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்கிறார். என் நாய் என்னை மதிக்கவில்லையா? (செந்தூல் வாசகி)

பதில்: சகோதரி, முதலில் நாயின் வயதைக் கவனியுங்கள். ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயதுவரை நீளக்கூடிய விடலைப் பருவத்தில் அது இருக்கிறது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதம் ஆனதும் தங்களை வளர்ப்பவரின் சொல்லுக்கு இணங்கத் தாமதித்தன. அதே குட்டிகள் அறிமுகமில்லாதவர் சொன்னபோது அவ்வாறு தாமதிக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஆண்டு நிறைவை நெருங்கும்போது அந்தக் குட்டிகள் மீண்டும் சொல்வழிக்கு வந்தன என்பதே அவ்வாய்வின் ஆறுதலான பகுதி. ஆனால் இந்தப் பருவத்தில் வீட்டார் நடந்துகொள்ளும் விதம் நாயின் மனத்தில் நெடுங்காலம் தங்கிவிடக்கூடும் என்பதால், உங்கள் கணவர் கையிலுள்ள நாளிதழ்தான் இப்போது என்னை நாயைவிட அதிகமாகக் கவலைப்பட வைக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஓநாய்க் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகச் சண்டையிட்டுக்கொள்வதாக எழுதினார். அக்கருத்தைப் பின்னாளில் உலகெங்கும் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களோடு தங்கிப் பார்த்த பிறகு, 1999-இல் அதை மறுத்து எழுதினார். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்த குடும்பம். அங்கே அரியணைப் போட்டி எதுவும் இல்லை. உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்ததால் உண்டான சண்டையை ஓநாயின் இயல்பென்று கொண்டதே பிழை. அதன்மேல் நாய் ஓநாயிலிருந்து பிரிந்து பதினைந்தாயிரம் ஆண்டுகளாவது ஆகின்றன. ஆகையால் வாசலை நீங்கள் முதலில் கடந்தாலும் நாய் முதலில் கடந்தாலும் உங்கள் தலைமைக்கு ஒன்றும் ஆகிவிடாது. சாலையில் வண்டி வருகிறதே என்பதற்காக வாசலில் நிற்கப் பழக்குவது வேறு செய்தி; அது பாதுகாப்பு, அதை அவசியம் பழக்குங்கள்.

மல்லாக்கத் தள்ளி அழுத்துவதோ ஆபத்தான அறிவுரை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலுள்ள நாய்களை அழைத்து வந்த உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களுள் நூற்றுக்கு 43 பேரிடமும், மல்லாக்க அழுத்தியவர்களுள் நூற்றுக்கு 31 பேரிடமும் அந்த நாய்கள் திருப்பிச் சீறியோ கடிக்க முனைந்தோ இருக்கின்றன. அடி வாங்கிய நாய் அடங்கியதுபோல் தோன்றுவது உண்மைதான். அது பாடம் கற்றதாலன்று, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உறைந்துபோனதால். இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் மெல்லச் சொல்லி வையுங்கள்: நம் மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கைக் கொடுமையாக அடிப்பதற்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. நாளிதழ் அடிக்காக யாரும் நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் சுருட்டிய நாளிதழில் தொடங்கிய கை அங்கேயே நின்றுவிடும் என்று எந்த உறுதியும் இல்லை.

இனி மதிப்பைப் பற்றி. தன் மீது வேல் எறிந்தவனைக் கண்டும் வாலைக் குழைப்பது நாய் என்று நம் பழம்பாட்டு அதன் நட்பைப் போற்றியது. அந்தப் பொறுமையை நாம் அடிப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாய்க்கு மதிப்பு, அவமதிப்பு என்ற கணக்கெல்லாம் இல்லை. இவர் சொன்னால் சொன்னது நடக்கும், இவர் அருகில் எனக்குத் தீங்கு வராது என்ற இரண்டும் உறுதிப்பட்டுவிட்டால், நாம் மதிப்பு என்று பெயரிட்டு அழைப்பது நாயிடம் தானே தெரியும். அதற்கு ஈடாக நாமும் அதன் உடல்மொழியைப் படித்து, அதன் அச்சத்தையும் விருப்பமின்மையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நாய் "வா" என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வருபவை குளிப்பாட்டல், நகம் வெட்டல், கூண்டில் அடைத்தல், அல்லது விளையாட்டு முடிந்து வீடு திரும்புதல். தாமதமாக வந்தால் அதட்டலும் கிடைக்கும். வந்ததற்காக அடி வாங்கிய நாய், அடுத்த முறை வராமலிருப்பதே அறிவு. மேலும் "வா, வா, வா" என்று ஆறு முறை கூப்பிடும்போது, முதல் ஐந்துக்குப் பொருளில்லை என்பதையும் நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

எனவே அந்தச் சொல்லைக் கைவிட்டு, "இங்கே" என்று புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். முதலில் வீட்டுக்குள்ளேயே, இரண்டடித் தொலைவில் நின்று ஒரே முறை சொல்லுங்கள். நாய் உங்களை நோக்கித் திரும்பியதுமே குரலில் மகிழ்ச்சியைக் காட்டி, வந்து சேர்ந்த அடுத்த நொடிக்குள் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கைக் கொடுங்கள். கடலைப் பருப்பளவு போதும். நெத்திலியும் நாய்களுக்குப் பிடிக்கும். ஆனால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய பிறகே கொடுக்க வேண்டும். நொடிக் கணக்கை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வந்த நாயை நிறுத்திவைத்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, ஈரலை எடுத்து வந்து கொடுத்தால், நாய் அந்தப் பரிசைத் தான் வந்ததோடு இணைத்துப் பார்க்காது, பெட்டியின் கதவு திறந்ததோடுதான் இணைக்கும். வீட்டுக்குள் தவறாமல் வந்த பிறகு கார் நிறுத்தும் முற்றத்துக்கும், அதன்பின் பத்து மீட்டர் கயிற்றோடு வெளி இடத்துக்கும் செல்லுங்கள். சமையலறையில் கற்றதைத் திடலிலும் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாய்க்கு ஒவ்வொரு இடமும் புதுப் பாடமே. திடலில் கூப்பிட்டு, வந்ததும் ஈரலைக் கொடுத்துவிட்டு, மீண்டும் விளையாட விடுங்கள். பலர் விட்டுவிடும் இந்தப் படிதான் மிக முக்கியம். வருவதால் விளையாட்டு முடியாது என்பது தெரிந்த நாய்தான் விரும்பி வரும். குளிப்பாட்டுவதற்கும் மருந்து போடுவதற்கும் அதைக் கூப்பிடாமல் நீங்களே சென்று அழைத்து வாருங்கள்.

இழுத்துக்கொண்டு போவதற்கு மருந்து உங்கள் கால்களில் இருக்கிறது. கயிறு இறுகியதும் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரத்தில் உங்கள் லோரோங்கின் (சந்தின்) முனையைக்கூட எட்ட மாட்டீர்கள், பார்ப்பவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. இழுத்தால் போக முடிகிறது என்பதால்தான் அது இழுக்கிறது. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப் பக்கம் வளையமுள்ள ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டும் வார்) வாங்கினால் உங்கள் தோளுக்கும் அதன் தொண்டைக்கும் நல்லது. நடையை விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் எளிதாக நடப்பதில்லை. உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத தார்ச்சாலையில் அதை நடக்கவிட்டு, சொல் கேட்கவில்லை என்று குறைப்படுவது நியாயமாகாது.

கேள்வி: நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சோபா கிழிந்து கிடக்கிறது. நாயோ காதை மடக்கி, கண்ணை மேலே உயர்த்தி, மூலையில் பதுங்குகிறது. செய்தது தவறென்று அதற்குத் தெரிகிறதல்லவா? தெரிந்தும் மறுநாள் ஏன் செய்கிறது? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: தெரியவில்லை, ஐயா. அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பியதும் நாய் தின்றுவிட்டது என்று அவரிடம் சில வேளை உண்மையாகவும் சில வேளை பொய்யாகவும் சொல்லப்பட்டது. அந்தக் குற்றவாளி முகம், தின்ற நாயா தின்னாத நாயா என்பதைப் பொறுத்து அமையவில்லை; திட்டு வாங்கியதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆக, உங்கள் நாய் மூலையில் பதுங்குவது சோபாவை நினைத்தன்று. கிழிந்த பஞ்சு தரையில் கிடக்கையில் நீங்கள் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதை அது அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

பல மணி நேரத்துக்கு முன் நடந்ததற்குத் தண்டிப்பதால், வாசல் திறக்கும் ஓசையே அச்சமாக மாறும். அச்சத்தில் நாய் எதையாவது கடிக்கும். நீங்கள் மறுபடி திட்டுவீர்கள். இந்தச் சுழற்சியிலிருந்து வெளிவர, வேலைக்குப் புறப்படுமுன் அதை நடக்கவிட்டுக் களைப்பாக்குங்கள். மென்று நேரம் போக்க உறுதியான ரப்பர் பொம்மைக்குள் உணவை அடைத்துக் கொடுங்கள். சோபா இருக்கும் அறையைச் சாத்துங்கள். நீங்கள் கிளம்பிய சில நிமிடங்களுக்குள் ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, எச்சில் ஒழுக நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் அது பிரிவுத் துயர். அதற்குக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் என் தாயார் நாயிடம் தமிழில் பேசுகிறார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், வேலைக்கு உதவும் பெண் இந்தோனேசிய மொழியில் பேசுகிறார். நாய் குழம்பித்தான் கேட்பதில்லையோ? எந்த மொழியில் பழக்குவது? (கெப்போங் வாசகர்)

பதில்: மொழிகளை வேறுபடுத்தி அறியும் செவி நாய்க்கு உண்டு. ஹங்கேரியில் 18 நாய்களை மூளைப் படக்கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றுக்குப் பழகிய மொழியையும் பழகாத மொழியையும் ஒலிக்கச் செய்தபோது, இரண்டுக்கும் அவற்றின் மூளை வெவ்வேறாகச் செயல்பட்டது. எனவே மூன்று மொழி வீடு என்பதனால் மட்டும் உங்கள் நாய் கெட்டுப்போகாது. மலேசிய நாய் அதற்குள் பிறந்ததுதானே!

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் "கீழே இறங்கு" என்பதற்கும், இன்னொருவர் "படு" என்பதற்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களா என்று கவனியுங்கள். "டவுன்" என்றால் ஒருவருக்குப் படுப்பது, இன்னொருவருக்குச் சோபாவிலிருந்து இறங்குவது என்றிருந்தால் நாய் எதைச் செய்யும்? அடுத்தது, நாற்காலியில் ஏறுவதைத் தாயார் தடுக்க, பேரப்பிள்ளைகள் தட்டிக் கொடுத்து ஏற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து, ஐந்து அல்லது ஆறு சொற்களை முடிவுசெய்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். எந்த மொழி என்பதைவிட, வீட்டிலேயே அதிக நேரம் இருப்பவருக்கு வாயில் எளிதாக வரும் சொல் எது என்று பார்ப்பது நல்லது. அது தாயாராக இருந்தால் தமிழே இருக்கட்டும்: "உட்கார்", "இரு", "விடு", "இங்கே" எல்லாம் குறுகிய, ஒன்றோடொன்று மயங்காத ஒலிகள்.

அதோடு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சைகையைச் சேர்த்துவிடுங்கள். நாய் நம் சொல்லைவிட நம் கையையும் உடலின் சாய்வையும் விரைவாகப் படிக்கிறது. நாம் சுட்டிக்காட்டும் திசையில் பார்ப்பதற்குக் குட்டி நாய்க்கும் தெரியும். சைகைக்கு மொழி இல்லை என்பதால் உதவிப் பெண்ணும் அதே நாளில் சேர்ந்துகொள்வார்.

கேள்வி: எங்கள் நாய்க்குச் சோறு வைத்த பிறகு என் ஏழு வயது மகன் அருகே போனால் உறுமுகிறது. சிறு வயதிலேயே தட்டில் கைவிட்டுப் பழக்கினால் உறுமாது என்று கேள்விப்பட்டு அப்படியே செய்து வந்தோம். இப்போது பயிற்சியாளர் ஒருவர், உறுமும்போதெல்லாம் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையைப் போடச் சொல்கிறார். போடலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: போட வேண்டாம், அம்மா. வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு உறுதியாக நான் பதில் சொல்வதில்லை.

உறுமல் என்பது நாய் தரும் கடைசிக்கு முந்தைய எச்சரிக்கை. அதற்கு முன்பே அது பலவற்றைச் சொல்லியிருக்கும்: உண்பதை நிறுத்தி உடலை விறைத்திருக்கும், தட்டின் மேல் தலையை இன்னும் தாழ்த்தி அவசரமாக விழுங்கியிருக்கும், தலையைத் திருப்பாமல் விழியின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்திருக்கும், பசியோடு தொடர்பில்லாமல் உதட்டை நக்கியிருக்கும். இவை எதுவும் கவனிக்கப்படாததால் உறுமுகிறது. அந்த உறுமலைத் தண்டித்தால் நாய் உறுமுவதைத்தான் விடும், அச்சத்தை விடாது. எச்சரிக்கையின்றிக் கடித்தது என்று செய்தி வரும் வீடுகள் சிலவற்றில், எச்சரிக்கையை முன்பே யாரோ அடக்கிவைத்திருப்பார்கள். மின்னதிர்ச்சியில் இன்னொரு கேடும் உண்டு. மகன் அருகே வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், நாய் அந்த வலியைத் தன் உறுமலோடு இணைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மகனோடு இணைக்கவே வாய்ப்பு மிகுதி. வேல்ஸ் நாடு இத்தகைய கழுத்துப்பட்டைகளை 2010-இலேயே தடை செய்துவிட்டது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டவர்கள், வலியும் அச்சமும் கொண்டு பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம், பரிசளித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்ததையும், பயிற்சி முடிந்ததும் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் கூடியிருந்ததையும் கண்டார்கள்.

தட்டில் கைவிடும் பழக்கம் நம் ஊரில் மிகவும் பரவியிருக்கிறது. நீங்கள் சாப்பிடும்போது ஒருவர் தினமும் உங்கள் இலையில் கைவைத்துக் கிளறினால் அவரை மதிப்பீர்களா, அவர் வரும்போது இலையை மறைப்பீர்களா? இன்றோடு அதை நிறுத்துங்கள். மகன் நாயின் உணவு வேளையில் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை ஒரு விதியாகச் சொல்லி விட்டுவிடாமல், கதவோ தடுப்போ வைத்துத் தடுங்கள்.

பிறகு நீங்களோ உங்கள் கணவரோ மெல்லத் தொடங்கலாம். நாய் விறைக்காமல் உண்ணக்கூடிய தொலைவு எது என்று பாருங்கள். அது மூன்று மீட்டராகக்கூட இருக்கலாம். அங்கே நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றை, எலும்பில்லாத கோழித்துண்டு போன்றதை, தட்டருகே எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். நீங்கள் நெருங்குவது இழப்பல்ல, வரவு என்று அது உணரும்வரை இதையே செய்யுங்கள். நீங்கள் வருவதைக் கண்டு நாய் தலையைத் தூக்கி வாலைத் தளர்வாக ஆட்டும் நாளில், ஓர் அடி முன்னே வரலாம். எந்த அடியில் மறுபடி விறைக்கிறதோ அங்கிருந்து பின்வாங்குங்கள். இது வாரக் கணக்கில் நடக்கும் வேலை. வாயில் செருப்பையோ பொம்மையையோ கவ்வியிருந்தாலும் பிடுங்காதீர்கள். வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். சமைத்த எலும்பு மட்டும் வேண்டாம். அது உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

ஒரு முறையேனும் பல் பட்டிருந்தால், வீட்டிலேயே செய்து பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். பல்வலியோ காதுவலியோகூடக் காரணமாக இருக்கலாம். தோல் கிழிந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015-இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் வெறிநோய் தோன்றியதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வரிசையில் பாதிக்கு மேல் மலாய்க் குடும்பங்கள். மாலையில் சுராவுக்கு (சிறு தொழுகை இடத்துக்கு)ப் போகிறவர்களைப் பார்த்து எங்கள் நாய் கேட்டில் பாய்ந்து குரைக்கிறது. ஒருநாள் கேட் திறந்திருந்தபோது ஓடிப்போய் ஒரு பெரியவர் மேல் கால்களைத் தூக்கி வைத்துவிட்டது. அன்பாகத்தான் பாய்ந்தது, ஆனால் அவர் மனம் நொந்துவிட்டார். எவ்வளவு அதட்டியும் நாய் கேட்பதில்லை. (வங்சா மாஜு வாசகர்)

பதில்: நீங்கள் இதைக் கேட்டதே நல்லது. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்டப் பிரிவின்படி), நாயின் உமிழ்நீரோ ஈரமான உடலோ பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். தொழுகைக்குத் தூய்மை செய்துகொண்டு புறப்பட்டவரை உங்கள் நாய் வீட்டுக்குத் திரும்பிப் போக வைத்திருக்கிறது. அன்பாகப் பாய்ந்தது என்ற விளக்கம் அவருக்கு எந்த வகையிலும் உதவாது. நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, இனி என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்பாடு இதுதான். கேட்டில் நின்று குரைக்கும் நாய், தன் கணக்கில் ஒவ்வொரு முறையும் வெல்கிறது: மனிதர் வருகிறார், அது குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது அதற்குத் தெரியாது. தினமும் வெற்றி கிடைக்கும் ஒரு வேலையை அதட்டலுக்காக யார் விடுவார்கள்? நீங்கள் உள்ளிருந்து கத்துவதைக்கூட, நீங்களும் சேர்ந்து குரைப்பதாக அது எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்த வேலையையே அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள். கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் நாயின் கண் உயரத்துக்கு மேல் வரும்படி பலகையோ தகடோ அடியுங்கள். மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்துக்குக் கால்மணி முன்பே அதை வீட்டுக்குள் அழைத்து, ஒரு பாயில் படுத்திருக்கப் பழக்கி, அங்கே மெல்ல ஏதேனும் கொடுங்கள். பாங்கு ஒலியைக் கேட்டதும் தானாகவே பாயை நோக்கிப் போகும் நாய்களும் உண்டு. அந்த ஒலிக்குப் பின் நல்லது வருகிறது என்பதை அவை விரைவில் கண்டுகொள்ளும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவது தீர்வாகாது. கட்டிய நாய் இன்னும் கடுமையாகக் குரைக்கும்.

ஆள் மேல் தாவுவதை வீட்டுக்குள்ளிருந்தே நிறுத்த வேண்டும். தாவும்போது முகம் திருப்பி நில்லுங்கள், கையால் தள்ளாதீர்கள், பேசாதீர்கள். நான்கு கால்களும் தரையில் பட்டதும் குனிந்து தடவிக் கொடுங்கள். வீட்டுக்கு வரும் மாமா, அத்தை எல்லாரும் இதையே செய்யாவிட்டால் நாய் கற்காது. தாவும் நாயைக் கண்டு மகிழ்கிற ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரைப் பழக்குவது நாயைப் பழக்குவதைவிடக் கடினம். தொடக்கத்தில் குரைப்பும் தாவலும் முன்னைவிடக் கூடினால் பயப்பட வேண்டாம். இதுவரை பலித்தது பலிக்காமல் போகும்போது நாய் இன்னும் முயன்று பார்க்கும், அந்தக் கட்டத்தில் நீங்கள் இளகிவிடக் கூடாது.

கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் நாய் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து, வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டிவையுங்கள். புகார் எழும் நாளில் உரிமம் இல்லாத நாய்க்காக வாதாட வழியிராது.

கேள்வி: பதினொரு வயதாகும் எங்கள் நாய் இதுவரை சொன்ன சொல் தட்டியதில்லை. சில மாதங்களாக வேண்டுமென்றே கேட்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை, படியேற மறுக்கிறது, தடவப் போனால் சீறுகிறது. வயதானதும் பிடிவாதம் வந்துவிட்டதா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: இதுவரை கேட்டுவந்த நாய் திடீரென்று கேட்காமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது அதன் உடலை. கூப்பிட்டால் திரும்பாதது செவி மங்கியதாலும், படியேறாததும் தடவினால் சீறுவதும் இடுப்பு மூட்டு வலியாலும் இருக்கலாம். இரவில் காரணமின்றி உலவுவது, பழகிய மூலையில் வழி தெரியாமல் நிற்பது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது ஆகியவையும் சேர்ந்திருந்தால் முதுமையில் வரும் அறிவு மங்கலும் ஒரு காரணமாகலாம். அதன் பின்னால் கைதட்டிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் இனிக் கைச்சைகைகளால் பேசுங்கள், தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் அருகே தரையைத் தட்டி அதிர்வால் எழுப்புங்கள். நம் வீடுகளின் வழுவழுப்பான ஓட்டுத்தரையில் மூட்டுவலி உள்ள நாய் நடக்கவே அஞ்சும். அது புழங்கும் வழி நெடுக ரப்பர் பாய் விரித்தால் பாதிப் "பிடிவாதம்" போய்விடக்கூடும்.

மருத்துவரிடம் செல்லுமுன் அது வீட்டில் எழுந்து நடப்பதையும் படியருகே தயங்குவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை அறையின் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டுவதையே மறந்து நேராக நடந்து காட்டிவிடும், மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பனடோலையோ இப்யூபுரோஃபென் மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான அளவில் அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கென்றே உள்ள வலி நிவாரணியை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார்.